நான்காவது அறையில் அறுபது மெழுகுவர்த்திகள்

அன்புள்ள பொடிசுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அவளுடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தால் எங்கள் சுகமும் முழுசாகிவிடும். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோதே இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். நீ "சொல்லுப்பா" என்றதும் எனக்கு என்ன ஆகிறதோ தெரியவில்லை, இங்கே வெயில் அதிகம் என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எழுத்தில்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது. நீ இங்கே விட்டுப்போன காரை விற்பது என்ன ஆயிற்று என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது, ஆனால் கடைசியில் இருக்கிறது. தயவுசெய்து முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. வரிசையாகப் படித்தால்தான் நான் செய்தது உனக்கு ஓரளவாவது சரியாகப் படும் என்று நம்புகிறேன்.

வாண்டு உங்கள் காரின் பின் இருக்கையில் விட்டுவந்த வண்ண மெழுகுக் குச்சிகள் வெயிலில் உருகி, பன்னிரண்டு நிறமும் கலந்து ஒரே நிறமாகி இருக்கைத் துணியில் ஊறிவிட்டதாக எழுதியிருந்தாய். படித்தபோது நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது, அதற்கான தண்டனை அடுத்த வாரமே கிடைத்துவிட்டது. அந்தக் கறையை நகத்தால் சுரண்டாதே. ஒரு பையில் பனிக்கட்டி போட்டு அதன்மேல் கால் மணி நேரம் வை, இறுகியதும் கரண்டிக் காம்பால் பெயர்த்து எடு, மிச்சம் இருப்பதன்மேல் வெள்ளைத் தாளை விரித்து இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் மெல்ல ஓட்டினால் தாள் மெழுகைக் குடித்துவிடும். நிறம் கொஞ்சம் தங்கும், அதற்கு வழி எனக்குத் தெரியவில்லை. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, இங்கே இருக்கும் காரின் தரைவிரிப்பில் மண்டியிட்டுத் தெரிந்துகொண்டேன்.

நீ விட்டுப்போன காரை நாங்கள் நான்காவது அறை என்று சொல்வது உனக்குத் தெரியாது. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி, மூன்றே அறைகள், உன் அம்மாவின் முழங்கால், எல்லாம் சேர்ந்து, கீழே தெருவில் சும்மா நிற்கும் காரில் முதலில் ஒரு குடை வைத்தோம். பிறகு மடக்கு நாற்காலி இரண்டு, பிறகு காய்கறிப் பை, உன் பழைய ஓட்டக் காலணி, டார்ச் விளக்கு, என் மாற்றுக் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக இறங்கிப்போய்க் குடியேறிவிட்டன. நூலகத்தில் பட்டியல் பிரிவில் முப்பத்துநான்கு வருஷம் உட்கார்ந்தவன், சும்மா இருக்க முடியுமா. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை எழுதி, முன் இருக்கை, பின் இருக்கை, டிக்கி என்று பிரித்து அடுக்கி வைத்திருக்கிறேன். "ஒரு குடை எடுக்கணும்னா உறுப்பினர் அட்டை காட்டணுமா, இல்ல கையெழுத்து மட்டும் போட்டா போதுமா" என்று உன் அம்மா கேட்கிறாள். கோடை தொடங்கியதும் முதலில் போனது உன் காலணி. பசை இளகி அடிப்பாகம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அடுத்து டார்ச்சின் பேட்டரி கசிந்தது. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

உன் அம்மா சமுதாயக் கூடத்தில் ஆறு வாரம் மெழுகுவர்த்தி செய்யக் கற்றுக்கொண்டதை உனக்குச் சொல்லியிருப்பாள். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பயிற்சி முடிந்து அவர்கள் வைத்த காட்சியைப் பார்க்க வந்த ஒரு பெண், ஆற்றங்கரைப் பக்கம் புதிதாக உணவகம் திறக்கப் போகிறவள், உன் அம்மா செய்த உயரமான வெள்ளை மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, இருபது மேசை, மேசைக்கு மூன்றாக அறுபது வேண்டும், சனிக்கிழமை மாலை திறப்பு என்று சொல்லிவிட்டாள். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் மற்றவர்கள் பேசுவதற்கு இணைப்புக் கொடுத்தவளை அவள் பெயர் சொல்லி, அவள் கையால் செய்தது வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. அவள் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் நின்றபடியே இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தாள். இங்கே உனக்கு ஒன்று புரிய வேண்டும், அவளிடம் இருப்பது எட்டே அச்சு. ஒரு முறைக்கு எட்டு, ஊற்றி இறுகி எடுக்க மூன்று மணி நேரம். மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து, பன்னிரண்டு பன்னிரண்டாக ஐந்து அட்டைப்பெட்டியில் படுக்கவைத்தாள்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். செய்து முடித்த பெட்டிகளை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தபோது, கட்டிலுக்கு அடியில் வைக்கலாமே, தரை குளிர்ச்சியாக இருக்குமே என்று உன் அம்மா சொன்னாள். கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். கணினி வந்தபோது நூலகத்தில் தூக்கிப்போட இருந்த பழைய பட்டியல் அட்டைகள், நான்கு மரப்பெட்டி, நான் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தவை. அவற்றை நகர்த்த மனமில்லாமல், காரிலேயே வைக்கலாம், வெயில் படாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்து பொறுப்பு என்ற சொல் வந்ததைக் கேட்டு அவளே கொஞ்சம் திகைத்துத்தான் போனாள்.

பொறுப்பை முறையாகத்தான் தொடங்கினேன். காருக்குள் எவ்வளவு சூடாகிறது என்று அறிய முதல் நாள் வீட்டில் இருந்த காய்ச்சல் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன், உன் அம்மா படியிலேயே மறித்து, "காருக்கு ஜுரமா, நாக்கை நீட்டச் சொல்லுங்க" என்று பிடுங்கிக்கொண்டாள். பிறகு இரும்புக் கடையில் சுவரில் மாட்டும் வெப்பமானி ஒன்று வாங்கிவந்து நோட்டுப் போட்டேன். வெளியே முப்பத்தெட்டு இருக்கும்போது, வெயிலில் நிற்கும் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே அறுபத்தாறு காட்டியது. பின்பக்கத் தரையில் நாற்பத்தேழு, டிக்கியில் நாற்பத்துமூன்று. நாற்பத்தைந்தைத் தாண்டினால் மெழுகு குழையும் என்று உன் அம்மா சொல்லியிருந்தாள். ஆகவே நிழல் எங்கே எப்போது விழுகிறது என்று ஒரு நாள் முழுக்கத் தெருவில் நின்று குறித்துக்கொண்டேன். எதிரே பள்ளிக்கூடத்து மதில் பத்தே கால் வரை, அப்புறம் பல் டாக்டர் வாசலில் நிற்கும் மரம் ஒரு மணி வரை, அதன்பின் வங்கிக் கட்டடம் மாலை வரை. நாளுக்கு மூன்று முறை காரை நகர்த்த வேண்டும். நாற்பது அடி நகர்த்துவதற்கு நான் கண்ணாடியைத் துடைத்து, பெல்ட் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு தடவை ஹார்ன் அடிப்பதைக் கீழே சலூன்காரர் தினமும் கதவில் சாய்ந்துகொண்டு பார்ப்பார். "சார், சூரியன் கிளம்பிட்டாரா, நம்ம வண்டி அடுத்த ஸ்டாப்புக்கு எப்போ" என்பார். நான் நேரத்தைச் சொல்வேன். அவர் கேலி செய்கிறார் என்று எனக்கு மூன்றாம் நாள்தான் புரிந்தது.

நிழலோடு நிற்காமல், முன்கண்ணாடிக்கு வெள்ளித்தாள் மறைப்பு வைத்தேன், ஜன்னல்களை ஒரு விரல் இடைவெளி திறந்துவைத்தேன், பெட்டிகளை இருக்கையில் வைக்காமல் இரண்டைப் பின்பக்கத் தரையிலும் மூன்றை டிக்கியிலும் வைத்து, எல்லாவற்றையும் நம் குளிர்காலக் கம்பளிகளால் சுற்றி, நடுவில் உறையவைத்த தண்ணீர் பாட்டில்களைத் துண்டில் பொதிந்து செருகினேன். கம்பளிக்குத் தானாகச் சூடு கிடையாது, உள்ளே இருப்பதை வெளியே விடாது, வெளியே இருப்பதை உள்ளே விடாது, அவ்வளவுதான் அதன் வேலை. இதை நான் நன்றாக யோசித்துத்தான் செய்தேன். புதன்கிழமை காலை பாட்டில் மாற்றும்போது சலூன்காரர் எட்டிப் பார்த்துவிட்டார். "என்ன சார், இந்த வெயில்ல கம்பளி போத்தி விட்டிருக்கீங்க, உள்ள யாருக்காவது குளிருதா" என்றார். முகத்தில் பாதி நுரையோடு ஒருவர் வெளியே வந்து பார்த்து, "வேர்த்துக் கொட்டுமே" என்றார். இன்னொருவர் "ஆமா ஆமா" என்று சிரித்தார். மூன்று பேர் சொல்கிறார்கள், நானோ அட்டை எழுதியவன், இயற்பியல் படித்தவன் அல்ல என்று ஒரு சந்தேகம் உள்ளே புகுந்துவிட்டது. ஜன்னல் வழியாகத் தெரிகிற இரண்டு பெட்டிகளின் கம்பளியையும் உருவி, மடித்து, அட்டையில் குறித்து, முன் இருக்கையில் வைத்துவிட்டேன். பாட்டில்களையும் அந்த வெட்கத்தோடு மேலே கொண்டுபோய்விட்டேன். டிக்கி மூடியிருந்ததால் அதற்குள் இருந்தவற்றை யாரும் பார்க்கவில்லை, அதனால் அவற்றின் கம்பளி தப்பித்தது.

வியாழக்கிழமை உன் அம்மாவின் முழங்காலுக்கு டாக்டரைப் பார்க்கப் போனோம். பஸ்ஸில்தான். கார் இருக்கும்போது ஏன் பஸ் என்று நீ கேட்பாய், நிழல் கிடைத்த இடம் போய்விடும் என்று அவளிடம் சொன்னேன், உண்மை என்னவென்றால் அங்கே போகும் நான்கு வழிச் சாலையில் ஓட்ட எனக்குப் பயம். பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள், ஒரு மணிக்குள் வந்து காரை நகர்த்திவிடலாம் என்று போட்ட திட்டம். டாக்டர் வந்ததே இரண்டரைக்கு. காத்திருப்பு அறையில் நான் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து ஜன்னலில் வெயிலைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் கணவரிடம், பாவம், இவருக்குத்தான் காலில் வலி போலிருக்கிறது என்றார். வீடு வந்து சேர்ந்தபோது நாலு மணி. உன் அம்மாவை மேலே அனுப்பிவிட்டு நான் காரைத் திறந்தேன். பின்பக்கத் தரையில் வெப்பமானி ஐம்பத்திரண்டு காட்டியது. முதல் பெட்டியைத் திறந்தேன். நேராகப் படுத்திருந்த பன்னிரண்டும் வளைந்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, வகுப்பில் தூங்கி விழும் பிள்ளைகள் போலக் கிடந்தன. இரண்டாவது பெட்டியும் அப்படியே, அதில் ஒரு மூலையிலிருந்து மெழுகு வழிந்து தரைவிரிப்பில் இறங்கியிருந்தது. டிக்கியைத் திறக்கக் கை வரவில்லை. திறந்தால், கம்பளிக்குள் முப்பத்தாறும் வைத்தது வைத்தபடி நேராக இருந்தன. நான் யோசித்தது சரிதான் என்று அங்கேயே நிரூபணமாகிவிட்டது. ஆனால் டிக்கிக்குக் கண்ணாடி இல்லை, வெயில் நேராக விழாது, ஆகவே முழுப் பெருமையும் கம்பளிக்குத்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

மேலே போக ஐம்பத்துநான்கு படி. இரண்டாம் மாடித் திருப்பத்தில் பெட்டிகளோடு நின்றுவிட்டேன். மறுநாள் காலை சொன்னால் என்ன, ஒன்றுமே சொல்லாமல் சனிக்கிழமை முப்பத்தாறை மட்டும் கொடுத்தால் என்ன என்றெல்லாம் யோசனை போயிற்று. அப்போது மேலேயிருந்து, "படியில நின்னு மூச்சு வாங்கறது நீங்கதானே, ஏன், என்னாச்சு" என்று குரல் வந்தது. முப்பது வருஷம் முகம் தெரியாதவர்களின் மூச்சைக் கேட்டே ஆள் யாரென்று சொன்னவள், அவளிடம் எதை ஒளிப்பது. மேசையில் வைத்துத் திறந்து காட்டினேன். மன்னித்துவிடு என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, சரியாக நினைவில்லை. அவள் ஒன்றை எடுத்தாள், வளைவை விரலால் தடவினாள். பிறகு, "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். தொலைபேசி நிலையத்துப் பழக்கம், கோபம் வந்தாலும் அழுகை வந்தாலும் அவளுக்கு அந்த ஒரு வாக்கியம்தான். நான் லைனிலேயே நின்றேன். உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "மெழுகு எங்கேயும் ஓடிப்போகல, வடிவம்தானே போச்சு, நாளைக்கு உருக்கி ஊத்திக்கலாம், மூணு தடவை எட்டு" என்றாள். அப்புறம் கம்பளியை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டாள். சலூன்காரர் சிரித்தார் என்றேன். என்னையே பார்த்துவிட்டு, "முப்பத்தஞ்சு வருஷமா நான் சிரிக்கிறேன், எனக்காக ஒரு நாளும் ஒண்ணையும் எடுக்கலையே நீங்க" என்றாள். அதற்கு என்ன சொல்லலாம் என்று உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து நான் அவளுக்கு உதவியாள். கொதிக்கும் தண்ணீரில் வேறொரு பாத்திரத்தை வைத்து அதில்தான் மெழுகை உருக்க வேண்டும், நேராக அடுப்பில் வைக்கக் கூடாது. வெப்பமானியைப் பிடிப்பது, திரியை நடுவில் நிறுத்திப் பிடிப்பது, மணி சொல்வது இதெல்லாம் என் வேலை. முதல் ஊற்றில் நான் மணி பார்க்கத் திரும்பியதில் ஒரு திரி ஓரமாகப் போயிற்று. "இது நமக்கு, கரண்டு போனா ஏத்தலாம்" என்று தனியே வைத்துவிட்டு, எதற்கும் கொஞ்சம் கூடுதலாக வைத்திருந்த மெழுகில் அந்த ஒன்றுக்காக நாலாவது ஊற்றும் ஊற்றினாள். இடைப்பட்ட நேரத்தில், ஒவ்வொரு மூன்று மணி நேரத்துக்கும் ஒரு மரப்பெட்டியாக, கட்டிலுக்கு அடியில் இருந்த என் அட்டைகளைக் கீழே காருக்குக் கொண்டுபோனேன். அவள் சொல்லவில்லை, நானாகத்தான். காகிதம் உருகாது. முன்பே தோன்றியிருக்க வேண்டிய விஷயம். டிக்கியில் இருந்த மூன்றையும் மேலே கொண்டுவந்து, கட்டிலுக்கு அடியில் துடைத்துவிட்டு மெழுகுவர்த்திப் பெட்டிகளை வைத்தேன், வெப்பமானி முப்பத்தொன்று காட்டியது. நாலாவது பெட்டியை இறக்கும்போது சலூன்காரர் ஒரு பக்கம் வந்து பிடித்துக்கொண்டார். நடந்ததை உன் அம்மா ஜன்னலிலிருந்தே அவரிடம் சொல்லியிருந்தாள் போலும். "நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் சார், அதுக்குப் போய் எடுத்துட்டீங்களே" என்று தலையைச் சொறிந்தார்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும், பதினோரு கிலோமீட்டர், நான்கு வழிச் சாலை. வாடகை வண்டி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்தேன். ஆனால் தெரியாத டிரைவர் பெட்டிகளை எந்த வெயிலில் வைப்பாரோ என்று நினைத்துப் பார்த்தேன். நீ விட்டுப்போன குறிப்பேட்டைப் படித்து ஏசியை எப்படிப் போடுவது என்று தெரிந்துகொண்டேன், நீ காரை விட்டுப்போன இந்த இரண்டு வருஷத்தில் முதல் தடவை. நான்கு கதவையும் பத்து நிமிஷம் திறந்துவைத்து, உள்ளே குளிர்ந்த பிறகுதான் பெட்டிகளை இறக்கினோம், கம்பளியோடு, எல்லாரும் பார்க்கத்தான். சலூன்காரர் நடுத்தெருவில் நின்று இரண்டு பக்க வண்டிகளையும் நிறுத்தி, "வாங்க வாங்க, ஸ்டியரிங்கை ஒடிங்க, நேரா, அவ்வளவுதான்" என்று கையசைத்து வழியனுப்பினார். வழியில் பின்னாலிருந்து எத்தனையோ பேர் ஹார்ன் அடித்தார்கள். "அவங்களுக்கு அவசரம், நமக்கு மெழுகு, நீங்க பாட்டுக்குப் போங்க" என்று உன் அம்மா ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தாள். ஐம்பது நிமிஷம் ஆயிற்று. உணவகத்தில் பெயிண்ட் வாசனை அடங்கியிருக்கவில்லை, சமையல்காரர் ஏணியில் நின்று விளக்குப் பூட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பெட்டிகளைத் திறந்து, இருபது மேசையிலும் மூன்று மூன்றாக நிறுத்தினாள். உன் அம்மா பின்னாலேயே போய் ஒவ்வொன்றையும் நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். எது மறுபடி ஊற்றியது, எது முதலில் செய்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. மாதா மாதம் நாற்பது வேண்டும், நீங்களே கொண்டுவந்து தருவீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் தருவோம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நான்கு வழிச் சாலை ஞாபகம் வந்தது.

இனி கார் விஷயம். நாங்கள் ஓட்டுவதில்லை, சும்மா வெயிலில் காய்கிறது, விற்றுவிடலாம் என்று நீ எழுதியபோது சரி என்று பதில் போட்டவன் நான்தான். நீ சொல்லி அனுப்பிய வியாபாரி திங்கட்கிழமை வந்தார். தரைவிரிப்பில் கறையைப் பார்த்தார், டிக்கியைத் திறந்து நான்கு மரப்பெட்டியையும் அட்டைகளையும் பார்த்து, இதென்ன சார் என்றார். அறை என்றேன். "முடிச்சிடலாமா" என்று தாளை நீட்டினார். வழக்கமாக இந்த இடத்தில் உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்பேன், இல்லாவிட்டால் உன் அம்மாவை. வாயில் என்ன வந்தது தெரியுமா, "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் விழித்தார். நான் இரண்டு எட்டு தள்ளிப்போய் நின்று, யாரையும் கேட்காமல் யோசித்துவிட்டு, திரும்பி வந்து, விற்பதற்கில்லை, மன்னியுங்கள் என்றேன். உன் காரை உன்னைக் கேட்காமல் வைத்துக்கொண்டேன், இதுதான் நான் தொலைபேசியில் சொல்ல முடியாமல் விட்டது.

உங்கள் காரில் வாண்டின் இருமல் மருந்து, உன் முகத்துக்குப் பூசுவது, மாப்பிள்ளையின் சார்ஜர் பேட்டரி, வாசனை ஸ்ப்ரே இவற்றை மட்டும் ஒருபோதும் விட்டுவிட்டு இறங்காதே, எவ்வளவு அவசரமானாலும் பையில் போட்டுக்கொண்டு போ. ஸ்ப்ரேயும் பேட்டரியும் வெடிக்கும், மருந்து பார்வைக்கு அப்படியே இருந்துகொண்டு உள்ளே கெட்டிருக்கும். விட்டுத்தான் ஆகவேண்டிய சாதாரணச் சாமான்களைத் தரையில் வைத்துக் கம்பளி போர்த்திவிடு, யார் சிரித்தாலும் எடுக்காதே. உன் காலணியை ஒட்டவைத்துவிட்டேன், ஆனால் ஓட வேண்டாம், நடக்கலாம். இரண்டாவது சாவி உன் கைப்பையிலேயே போய்விட்டது என்றாயே, அதைப் பதிவுத் தபாலில் அனுப்பிவை, மறந்துவிடாதே, தன் சரக்கு இருக்கும் வண்டிக்குத் தன்னிடமும் ஒரு சாவி வேண்டும் என்கிறாள் உன் அம்மா. நான் செய்தது தவறு என்று பட்டால் தயங்காமல் எழுது. கொஞ்சம் நிதானமாகவே எழுது, அடுத்த நாற்பதை நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த பிறகு உன் கடிதம் வந்துசேர்ந்தால் போதும்.

நீங்கள் மூவரும் குறையொன்றும் இல்லாமல், நிழலும் தண்ணீருமாக, நீண்ட நாள் நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசிகள். வாண்டுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், ஒன்று என்னுடையது, ஒன்று அடுப்படியிலிருந்து.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அப்பா